பள்ளிக்கூடத்துக்குள் பி.ஓ.வா? வேண்டாம் சாமி!

எங்கள் வங்கித் தொழிலில் பி.ஓ. என்றால் ப்ரொபேஷனரி ஆபீசர். பரீட்சை எழுதித் தேறி, சட்டை மடிப்புக் கலையாமல் கிளைக்கு வந்து நிற்கும் புதுப் பையனோ பெண்ணோ. இரண்டு வருடம் மேலதிகாரிகள் கவனிப்பார்கள், அப்புறம் வேலை நிரந்தரம். இதே மும்பையில், டோங்ரியில் இருக்கும் சிறார் நீதி வாரியத்தில் போய் பி.ஓ. என்று கேட்டால் வேறு ஒருவரைக் காட்டுவார்கள். அவர் ப்ரொபேஷன் ஆபீசர், ஊரில் அரசுத் தமிழில் சொன்னால் நன்னடத்தை அலுவலர். முதல் பி.ஓ.வைப் பிறர் கண்காணிப்பார்கள். இரண்டாவது பி.ஓ. பிறரைக் கண்காணிப்பார். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது பெரிய வித்தியாசம்.

இந்த இரண்டாவது பி.ஓ.வைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைக்க வேண்டும் என்கிற யோசனை நம் மும்பைத் தமிழர்கள் கூடுகிற இடங்களில் அடிக்கடி காதில் விழுகிறது. எங்காவது ஒரு பையன் கத்தியை எடுத்தான், செல்போனைப் பறித்தான், கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபட்டான் என்று பேப்பரில் வந்தால் போதும். "தாராவிப் பக்கம் இருக்கிற ஸ்கூல்ல எல்லாம் ஆளுக்கொரு ஆபீசரைப் போடணும் ஸார். வழி தவறுற பசங்களை ஆறாங்கிளாஸ்லயே கண்டுபிடிச்சு லிஸ்ட் எடுத்துடணும்." மாட்டுங்காவில் காபி ஆறுவதற்குள் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிவிடும். செம்பூரில் வழிமொழிவார்கள்.

சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் பக்கத்து நியாயத்தையும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு நன்னடத்தை அலுவலர் ஒரு பிள்ளையை முதன்முதலாகப் பார்ப்பது அவன் போலீஸிடம் பிடிபட்ட பிறகுதான். அதற்குள் காரியம் கை மீறியிருக்கும். ஒரு வருடம் முன்னால், அவன் வகுப்புக்கு வருவதை நிறுத்திய அந்த வாரத்திலேயே பார்த்திருந்தால் தடுத்திருக்கலாமே? சட்டம் தெரிந்தவர், அரசாங்கத் திட்டங்கள் தெரிந்தவர், வீட்டுக்குப் போய் விசாரிக்கப் பழகியவர். அவரைப் பள்ளியிலேயே வைத்துக்கொண்டால் என்ன நஷ்டம்?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நஷ்டம் என்னவென்று கணக்குப் பார்ப்போம். பி.காம். படித்தவனுக்கு வேறென்ன தெரியும் :-)

முதலில் அளவு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியா முழுக்கச் சிறார் மீது பதிவான வழக்குகள் 30,555. முந்தைய வருடம் 31,170. அதே 2022இல் நாட்டில் பதிவான மொத்த வழக்குகள் 58 லட்சத்துக்கும் மேல். அதாவது நூற்றுக்கு அரை பங்குதான் சிறார் கணக்கு. பேப்பரையும் டிவியையும் பார்த்தால் ஊரில் பாதிக் குற்றத்தைப் பையன்கள்தான் செய்கிறார்கள் என்று தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

அதைவிட முக்கியம் வயது. அந்த வருடம் பிடிபட்ட சிறாரில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் 16 முதல் 18 வயதுக்காரர்கள். இப்போது கல்வி உரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2009இல் வந்த அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும்தான் இலவசக் கட்டாயக் கல்விக்குப் பொறுப்பேற்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டமோ 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயது வரை வேலைக்கு வைக்கக்கூடாது என்கிறது (குடும்பத் தொழில் என்று சொல்லி அதிலும் ஒரு ஓட்டை). 14 தாண்டியவனை ஆபத்தில்லாத வேலைகளில் வைத்துக்கொள்ளலாம். ஆக, 14க்கும் 18க்கும் நடுவில் ஒரு பள்ளம். பள்ளிக்கூடம் அவனைத் தேடி வர வேண்டிய கட்டாயம் முடிந்துவிட்டது. அந்தப் பள்ளத்தில் விழுகிற பையன்தான் பெரும்பாலும் டோங்ரிக்குப் போய்ச் சேருகிறான்.

நம் மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எத்தனையோ வருடம் அவை ஏழாம் வகுப்போடு நின்றன. அதற்குமேல் வேறு பள்ளி, வேறு மொழி, வேறு பஸ். நன்றாகப் படிக்கிறவன் தாவிப் போய்விடுவான். சுமாராகப் படிக்கிறவன் அந்த இடத்தில்தான் வழுக்குவான். வீட்டில் இட்லிக்கடை, பக்கத்தில் லெதர் பேக் தைக்கிற பட்டறை. "சும்மாதானே இருக்க, வந்து பசை தடவு" என்பார்கள். ஆறு மாதத்தில் அவன் கையில் நாலு காசு, கூட நாலு பெரிய பையன்கள்.

இப்போது சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு நாற்காலி போட்டு அதிகாரியை உட்கார வைத்தால் அவர் யாரைப் பார்ப்பார்? பள்ளிக்கு வருகிறவனைப் பார்ப்பார். யாரைப் பார்க்க வேண்டுமோ அவன் பட்டறையில் இருக்கிறான்!

ஆனால் அதிகாரி என்று ஒருவரைப் போட்டுவிட்டால் அவருக்கு வேலை காட்ட வேண்டும். மாதாமாதம் அறிக்கை அனுப்ப வேண்டும். அறிக்கைக்குப் பட்டியல் வேண்டும். பட்டியலில் யார் பெயர் வரும்? அடிக்கடி லீவு போடுகிறவன், அப்பன் குடிக்கிறவன், அண்ணன் மேல் ஏற்கெனவே கேஸ் இருக்கிறவன், டீச்சரை எதிர்த்துப் பேசுகிறவன். இவர்களில் ஒருவன்கூட எந்தக் குற்றமும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். செய்யக்கூடும் என்று நாம் நினைக்கிறோம், அவ்வளவுதான்.

வங்கியில் இதற்குப் பக்கத்து உதாரணம் ஒன்று இருக்கிறது. 2014இல் ரிசர்வ் வங்கி ஒரு முறை கொண்டுவந்தது. கடன் தவணை தவற ஆரம்பித்த கணக்குகளை வாராக்கடன் ஆவதற்கு முன்பே அடையாளம் காண வேண்டும். 30 நாள் வரை தவறினால் எஸ்.எம்.ஏ. பூஜ்யம், 60 நாள் வரை எஸ்.எம்.ஏ. ஒன்று, 90 நாள் வரை எஸ்.எம்.ஏ. இரண்டு. 90 தாண்டினால்தான் வாராக்கடன். நல்ல முறை. ஆனால் எஸ்.எம்.ஏ. பூஜ்யத்தில் இருக்கிறவர் வீட்டுக்கு நாங்கள் வசூல் ஏஜெண்டை அனுப்புவதில்லை. கிளையிலிருந்து ஒரு போன் போகும். "என்ன ஸார், உடம்பு சரியில்லையா? வியாபாரம் மந்தமா? தேதியை மாற்றி வைக்கலாமா?" கடன் கொடுத்த கிளைதான் முதலில் பேச வேண்டும். முதல் தவணை தவறிய அன்றே ஏஜெண்டைக் கதவு தட்ட விட்டால், கட்ட நினைத்தவரும் கட்டமாட்டார், தெருவில் மானமும் போய்விடும். பணம் பாக்கி வைத்திருக்கிற வளர்ந்த மனிதருக்கே இந்த மரியாதை உண்டு. காலை 8க்கு முன்னும் மாலை 7க்குப் பின்னும் போன் செய்து வசூல் கேட்கக்கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி ஏஜெண்டுகளுக்குக் கடிவாளம் போட்டது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த மரியாதை வேண்டாமா?

பள்ளியில் அந்தக் கிளை மேனேஜர் வேலையைச் செய்ய வேண்டியவர் ஆசிரியர், அவருக்குத் துணையாக ஒரு ஆலோசகர் அல்லது சமூகப் பணியாளர். நன்னடத்தை அலுவலர் நீதிமன்றத்தின் கை. எவ்வளவு அன்பாகச் சிரித்தாலும் அவர் பையில் இருப்பது வாரியத்துக்கு அனுப்புகிற படிவம்.

சட்டத்தையே பாருங்கள். 2015ஆம் வருடத்துச் சிறார் நீதிச் சட்டம் இந்த அவமானம் எப்படிப்பட்டது என்று நம்மைவிட நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறது. வழக்கில் சிக்கிய பிள்ளையின் பெயர், முகவரி, ஏன், அவன் படிக்கிற பள்ளியின் பெயரைக்கூட வெளியிடக்கூடாது என்கிறது 74ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். போலீஸ் பேச வருவதென்றால் யூனிஃபார்ம் போடாமல் சாதாரண உடையில் வர வேண்டும் என்று 2016 மாதிரி விதிகள் சொல்கின்றன. விலங்கு மாட்டக்கூடாது, லாக்கப்பில் வைக்கக்கூடாது. இத்தனையும் எதற்கு? பிள்ளை மேல் முத்திரை விழக்கூடாது என்பதற்கு. வழக்கே இருக்கிற பிள்ளைக்குப் பள்ளியின் பெயரைக்கூட மறைக்கிற சட்டம் ஒரு பக்கம். வழக்கே இல்லாத பிள்ளையைப் பள்ளிக்குள்ளேயே ஒரு அதிகாரியின் அறைக்கு நடக்க வைக்கிற யோசனை மறுபக்கம். அந்த அறைக்குள் யார் யார் போய்வருகிறார்கள் என்பது இண்டர்வெல் பெல் அடிப்பதற்குள் பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் பென்சில் தொலைந்தாலும் அவன்தான்.

"அமெரிக்காவில் செய்கிறார்களே?" ஆமாம், செய்கிறார்கள். எப்படி என்று பார்ப்போம். பென்சில்வேனியாவில் லீஹை கவுண்டி என்ற இடத்தில் 1990இல் ஆரம்பித்தார்கள். நன்னடத்தை அலுவலருக்குப் பள்ளியிலேயே அறை. ஆனால் அவர் பொறுப்பில் இருந்தவர்கள் ஏற்கெனவே கோர்ட் உத்தரவில் இருந்த பிள்ளைகள். அவர்கள் வகுப்புக்கு வருகிறார்களா, படிக்கிறார்களா என்று பக்கத்திலிருந்து பார்ப்பதுதான் வேலை. லாஸ் ஏஞ்சலஸில் என்ன ஆயிற்று? கோர்ட் வாசலையே மிதிக்காத பிள்ளைகளையும், மார்க் குறைவு, வகுப்புக்கு வருவதில்லை என்கிற காரணங்களுக்காக, "தன்னார்வக் கண்காணிப்பு" என்று பெயர் சூட்டி அதே அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. 2020இல் கலிஃபோர்னியா சட்டத்தைத் திருத்தி அந்த வழியை அடைக்க வேண்டியதாயிற்று. நாம் இங்கே கைதட்டிக் கேட்பது பென்சில்வேனியா முறையை இல்லை, அவர்களே வேண்டாம் என்று கைவிட்ட லாஸ் ஏஞ்சலஸ் முறையை!

இன்னொரு பழைய கதையும் உண்டு. 1939இல் மாசசூசெட்ஸில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் ஊர்களில் சுமார் 500 பையன்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப்பேருக்கு ஆலோசகர், வீட்டுக்கு வந்து விசாரிப்பு, டியூஷன், கோடை முகாம் எல்லாம். மறுபாதிக்கு ஒன்றும் இல்லை. 1945 வரை நடந்தது. முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்கிற ஆய்வாளர் இரண்டு பாதிகளையும் தேடிப்பிடித்து 1978இல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றவர்களில் பலர் அந்த ஆலோசகர்களை நன்றியோடு நினைத்தார்கள். ஆனால் குற்றம், குடி, உடல்நலம் என்று பார்த்தால் உதவி பெறாதவர்களைவிட அவர்கள் நிலை சில விஷயங்களில் மோசம்! நல்லெண்ணம் கொண்டவர்கள் பொறுக்கியெடுத்துச் செய்த வேலைக்கே இந்த கதி என்றால், கையில் வாரியத்துப் படிவம் வைத்திருக்கிறவர் செய்தால்?

"அப்படியானால் ஆலோசகரும் வேண்டாம் என்பீர்களா?" நியாயமான கேள்வி. ஆலோசகர் வேண்டும், ஆனால் பட்டியல் போட்டுக் கூப்பிடுகிறவராக இல்லை. எல்லாப் பிள்ளைக்கும் கதவு திறந்திருக்க வேண்டும். காதல் தோல்விக்காரனும் வரலாம், கணக்கு வராதவளும் வரலாம், அப்பா அடிக்கிற வீட்டுப் பிள்ளையும் வரலாம். எல்லாரும் போகிற அறைக்குள் ஒருவன் போனால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

ஊரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். தாராவித் தமிழரில் பலருக்கு நெல்லைச் சீமைதானே சொந்த ஊர். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது என்று மறந்திருக்கமாட்டீர்கள். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். காரணம் சாதி. அதன்பிறகு தமிழ்நாடு அரசு நீதிபதி சந்துருவை ஒருநபர் குழுவாக நியமித்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். கையில் கலர் கயிறு கட்டத் தடை என்பது மட்டும் டிவி விவாதத்தில் ஓடியது. ஆனால் அதில் இன்னொரு பரிந்துரையும் இருந்தது. 500 மாணவருக்கு மேல் இருக்கிற பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் என்று ஒரு பதவி வேண்டும். கவனியுங்கள், ரத்தம் சிந்திய ஒரு சம்பவத்துக்குப் பிறகும் அந்த முன்னாள் நீதிபதி பள்ளிக்குள் கேட்டது நல அலுவலரை. நன்னடத்தை அலுவலரை இல்லை. கோர்ட்டில் வாழ்நாளைக் கழித்தவருக்குக் கோர்ட் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கையும் பள்ளிகளுக்குச் சமூகப் பணியாளர், ஆலோசகர் வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது. பேப்பரில் இருக்கிறது. மாநகராட்சிப் பள்ளி வாசலுக்கு வர வேண்டாமா?

படித்த ஆளுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். சமூகப்பணி படிப்பு இந்தியாவில் முதன்முதலில் ஆரம்பித்ததே இந்த மும்பையில், 1936இல். அந்த டாடா சமூக அறிவியல் நிலையம் இன்று செம்பூருக்குப் பக்கத்தில் தேவனாரில் இருக்கிறது. ஆட்டோவில் போகிற தூரம்.

இனி கொஞ்சம் காரமாகப் பேசலாமா?

2024 மே 19, புனே. பதினேழு வயதுப் பையன் ஓட்டிய போர்ஷ் கார் மோதி இரண்டு இளம் சாஃப்ட்வேர் இன்ஜினியர்கள் செத்துப்போனார்கள். சில மணி நேரத்தில் ஜாமீன். 300 வார்த்தையில் கட்டுரை எழுது என்று வாரியம் போட்ட நிபந்தனையை நாடே பேசியது. கோபப்பட்டோம், வாட்ஸப்பில் கிண்டல் அடித்தோம். ஆனால் அன்றைக்கு யாராவது ஒருவர், "பணக்காரப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிகளில் எல்லாம் ஒரு நன்னடத்தை அலுவலரைப் போடுங்கள், கார் சாவி கையில் இருக்கிற பையன்களைப் பட்டியல் எடுங்கள்" என்று சொன்னீர்களா? சொல்லமாட்டோம். ஏனென்றால் அந்தப் பையன் ஒருவன் செய்தான் என்று நினைக்கிறோம். தாராவிப் பையன் ஒருவன் செய்தால் தாராவியே செய்ததாக நினைக்கிறோம்.

மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவில் இருப்பது ஒரு ரயில் பாதை. அந்தப் பக்கமும் தமிழ்தான், இந்தப் பக்கமும் தமிழ்தான். உங்கள் பெண் படிக்கிற மாட்டுங்கா பள்ளியில், உங்கள் பையன் படிக்கிற செம்பூர் கான்வென்டில், "குற்ற வாய்ப்புள்ள மாணவர் பட்டியல்" ஒன்று தயாராகிறது, ஒரு சிறார் நீதி அதிகாரி திங்கட்கிழமை முதல் வருகிறார் என்று சர்க்குலர் வந்தால் என்ன செய்வீர்கள்? பெற்றோர் கூட்டத்தில் கூரை பறக்கும். நம் பிள்ளைக்கு வேண்டாம் என்பதை அடுத்தவர் பிள்ளைக்கு மருந்து என்று நீட்டுவது என்ன நியாயம்?

சரி, நன்னடத்தை அலுவலர் வேண்டவே வேண்டாமா? நிச்சயம் வேண்டும். இப்போது இருப்பதைவிட அதிகம் பேர் வேண்டும். ஆனால் அவர் நிற்க வேண்டிய இடம் வேறு.

பழைய மும்பையில் இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. தாராவியை ஒட்டிய மாஹிமில் இன்றும் இருக்கிற டேவிட் சசூன் சீர்திருத்தப் பள்ளியின் தொடக்கம் 1857. சென்னை மாகாணத்தில் 1920இலும் பம்பாயில் 1924இலும் குழந்தைகள் சட்டம் வந்தது. 1927இல் சில்ட்ரன்ஸ் எய்டு சொசைட்டி. டோங்ரி இல்லம் இருக்கும் இடமோ 1882இல் திலகரும் அகர்கரும் அடைபட்டுக் கிடந்த பழைய சிறை வளாகம். நூறு வருடமாகச் சட்டம் மாறிக்கொண்டே வருகிறது. மாறாத ஒன்று, வெளியே வருகிற பிள்ளையிடம் மூடுகிற கதவு. அந்தக் கதவு பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக் கதவு.

ஒரு பையனை வாரியம் பெற்றோரோடு அனுப்பி வைக்கிறது என்று வையுங்கள். 18ஆம் பிரிவின்படி நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம், பள்ளிக்குப் போக வேண்டும் என்றும் உத்தரவிடலாம். ஆனால் பள்ளி என்ன சொல்லும்? "அட்டெண்டன்ஸ் இல்லை", "இந்த வருடம் சீட் இல்லை", "மற்ற பேரண்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க". டி.சி. கையில். அங்கேதான் நன்னடத்தை அலுவலர் நிற்க வேண்டும், பையனின் பக்கத்தில். ஹெட்மாஸ்டரிடம் 24ஆம் பிரிவை எடுத்துக்காட்ட வேண்டும். இந்தச் சட்டத்தின்படி விசாரிக்கப்பட்ட பிள்ளைக்கு அதனால் எந்தத் தகுதி இழப்பும் கிடையாது என்கிறது அது (பெரியவர்போல விசாரிக்கப்படும் மிகக்கொடிய குற்ற வழக்குகள் விதிவிலக்கு). பள்ளி மாற வேண்டுமா, மொழி மாற வேண்டுமா, பத்தாம் வகுப்பைத் தனியாக எழுத வேண்டுமா என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். சும்மா ஒரு பள்ளியில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தால் இந்த வேலையை யார் செய்வது?

கடைசியாக, நம்மால் ஆகக்கூடியது. சங்கத்தில் தீர்மானம் போடுவதைவிட இவை உருப்படியானவை.

1. மொழி. பிள்ளை பிடிபட்டால் நன்னடத்தை அலுவலர் பதினைந்து நாளுக்குள் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். வீடு எப்படி, வருமானம் என்ன, பள்ளியை ஏன் விட்டான் எல்லாம் அதில் வரும். வாரியம் முடிவெடுக்க அது பெரிய ஆதாரம். அவர் கேட்பது மராத்தியில் அல்லது இந்தியில். அந்த அம்மாவுக்கோ திருநெல்வேலித் தமிழ் மட்டும். "மாலும் நை" என்று ஒரே பதில் சொன்னால் அறிக்கையில் என்ன எழுதுவார்? வாரியத்தில் பேசுவது பிள்ளைக்குப் புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 8ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும். அம்மாவுக்காகப் பேச, மூன்று மொழியும் சரளமாகப் பேசுகிற ரிட்டையர்டு ஆட்கள் மாட்டுங்காவில் எத்தனை பேர்! மாதம் ஒரு நாள் கூடப் போய் நில்லுங்கள். பட்டியல் எடுக்கச் சொல்வதைவிட இது பெரிய புண்ணியம்.

2. உரிமை. பிடித்த 24 மணி நேரத்துக்குள் வாரியத்தின் முன் நிறுத்த வேண்டும் (பயண நேரம் சேராது). ஜாமீன்தான் விதி. அவன் கெட்டவர்களோடு சேருவான், அவனுக்கே ஆபத்து என்பது மாதிரிச் சில காரணங்களுக்குத்தான் மறுக்கலாம். இலவச வக்கீல் உண்டு. சின்னக் குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். போடாமல் ஸ்டேஷன் டைரியில் எழுதுவதுதான் முறை. இதை எல்லாத் தமிழ்க் குடும்பமும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. யாரோ வந்து, "அண்ணாச்சி, பத்தாயிரம் குடுங்க, முடிச்சுரலாம்" என்றால் பையை அவிழ்க்காதீர்கள்.

3. பள்ளி. தமிழ்வழியில் படிக்கிற பிள்ளைகள் எட்டாம் வகுப்பிலிருந்து ஒன்பதுக்குப் போகிற இடத்தில்தான் அதிகம் உதிர்கிறார்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், போன வருடம் எட்டு முடித்தவர்களில் யார் எங்கே சேர்ந்தார்கள் என்று வீடு வீடாகக் கேளுங்கள். எடுப்பதென்றால் இந்தப் பட்டியலை எடுங்கள். இது பிள்ளையைக் குற்றம் சொல்கிற பட்டியல் இல்லை, நாம் தவறவிட்டவர்களின் பட்டியல்.

4. ஆலோசகர். தனியார் பள்ளியில் நம் பிள்ளைக்கு இருக்கிற ஆலோசகர் மாநகராட்சிப் பள்ளிக்கும் வேண்டும் என்று கவுன்சிலரிடம் மனு கொடுங்கள். தமிழ் தெரிந்தவராகக் கேளுங்கள்.

எங்கள் தொழிலில் ஒரு பையன் பி.ஓ.வாக வந்து சேர்ந்தால் இரண்டு வருடம் தப்புச் செய்ய அவனுக்கு அவகாசம் உண்டு. கேஷ் டேலி ஆகாமல் முழிப்பான், தப்பான கணக்கில் வரவு வைப்பான். திட்டுவோம், சொல்லிக்கொடுப்போம், அடுத்த நாளும் அதே சீட்டில் உட்காரச் சொல்வோம். இருபத்து மூன்று வயதுக்காரனுக்கு இதைக் கொடுக்கிறோம். தாராவியில் பதின்மூன்று வயதில் இரண்டு வாரம் வகுப்புக்கு மட்டம் போட்டவனுக்கும் இதைக் கொடுத்தால் போதும். அவன் சீட்டில் அவன் உட்காரட்டும். பக்கத்தில் அதிகாரி வேண்டாம்.